இரண்டு பாக்கெட் ஆஃபாயில்

ஷிப்ட் முடிந்து வந்த வேகத்தில் தட்டைப் பிடுங்கி, அந்த ஆஃபாயிலை அப்படியே சாக்கடையில் கொட்டினாள் தைலம்மாள்.

வாய்க்குப் போக இருந்த அவள் கணவன் காசிநாதனின் கை அந்தரத்தில் நின்றது.

"அடிப்பாவி! ஆசையா ஒரு முட்டை தின்னப் போனான், புடுங்கிட்டியே!" என்று கத்தினாள் பச்சையம்மாள். தம்பியைப் பார்க்கக் களமருதூரிலிருந்து வந்தவள். ஆஃபாயில் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

"கிட்னி மாத்தி ஆறு மாசந்தான் ஆவுது அண்ணி. அரைவேக்காடு குடுக்காதன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. கிருமி ஏதாச்சும் இருந்துச்சின்னா இவரு ஒடம்பு தாங்காது. நல்லா வேக வெச்சித் தரேன்."

"வேக வெச்சது கட்டையத் தின்ற மாதிரி இருக்குது தைலா" என்றான் காசிநாதன்.

கரும்பு லாரி ஓட்டிய காலத்தில் மணலூர்பேட்டை முக்குக் கடையில் தினமும் இரண்டு ஆஃபாயில் அவனுக்கு. மேலே மிளகுத்தூள். மஞ்சள் கரு நாக்கில் உடையும் அந்த ஒரு நொடிக்கு ஆறு மாதமாக ஏங்கிக் கிடக்கிறான், பாவம்.

பச்சையம்மாள் விடுவதாக இல்லை. "முட்டை கம்பெனியில வேல செய்யறவ வூட்டுல முட்டைக்குப் பஞ்சம்! உனக்கு முட்டை நாத்தமே ஆவாதுன்னு இங்க வேஷம். அங்க மூக்கு முட்டத் தின்னுக்கினு இருக்கியோ இன்னாவோ!"

தைலம்மாளுக்குச் சுருக்கென்றது. பையைத் திறந்து, ஐஸ் டப்பாவிலிருந்து இரண்டு பாக்கெட்டுகளை எடுத்தாள். ஒன்றில் வெள்ளைக் கரு, இன்னொன்றில் மஞ்சள் கரு.

"இன்னாடி இது?"

"எங்க கம்பெனி சரக்கு அண்ணி. பேக்கரிக்குப் போறது. முட்டை வேகாத சூட்டுல, கிருமி மட்டும் சாவற மாதிரி மெஷின்ல காய்ச்சி, ஒடனே குளுர வெச்சி அடைக்கறாங்க. டாக்டராண்ட பாக்கெட்டயே காட்டிக் கேட்டேன். இது குடுக்கலாம்னாரு."

தோசைக்கல்லில் மெல்லிசாக வெள்ளைக் கருவை ஊற்றினாள். அது பிடித்ததும் நடுவில் டீ டம்ளரைக் கவிழ்த்து, சுற்றிலும் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். டம்ளரை எடுத்ததும் நடுவில் வட்டமாக ஒரு குழி. அதில் மஞ்சள் கருவை விட்டு, லேசாகச் சூடேறியதும் இறக்கி, மிளகுத்தூள் தூவினாள்.

காசிநாதன் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டான். கண்ணை மூடினான். மூடிய கண்ணோரம் நனைந்தது.

"அதேதான் தைலா... அதே ருசி."

பச்சையம்மாளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "மொத தபாவே இம்மாம் ஜோரா வந்துட்டுதே!"

"மொத தபாவா? பத்து நாளாப் பண்ணிப் பாக்கறேன் அண்ணி. ஒண்ணு ஒழுவும், ஒண்ணு வெந்துபூடும்."

"அதெல்லாமும் சாக்கடையிலதான் கொட்டுனியா?"

"எப்படிக் கொட்டறது? எனக்கு வயித்துக்கு ஒண்ணும் பண்ணலன்னு தெரியாம இவருக்கு எப்படிக் குடுப்பேன்?" தைலம்மாள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பத்து நாளும் நாந்தான் தின்னேன் அண்ணி... மூக்கப் புடிச்சிக்கினு."