எதிர் நாற்காலி

"உட்காருங்கம்மா."

மேனேஜர் இப்படிச் சொன்னதும் அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"பரவாயில்ல சார், நிக்கிறேன்," என்று சொன்னவள், அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அறையை விட்டு ஓடி வந்துவிட்டாள்.

அந்த ஜவுளிக்கடையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எந்தப் பிரிவில் நிற்கிறார்களோ அதுதான் பெயர். இவள் துண்டு. பக்கத்துப் பிரிவுத் தோழி போர்வை. நிற்கிறார்கள் என்றால் சும்மா இல்லை, ஷிப்ட் முடியும்வரை நிற்கிறார்கள். கடையில் ஈ ஓட்டினாலும் உட்காரக் கூடாது, அலமாரியில் சாயக் கூடாது. மேனேஜர் மேஜைக்கு எதிரே மட்டும் ஒரு நாற்காலி உண்டு. அதில் மரியாதையாக உட்காரச் சொல்லப்பட்ட யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை. சீட்டைக் கிழிப்பதாக இருந்தாலும் உட்கார வைத்துத்தான் கிழிக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றாள் போர்வை.

"உட்காரச் சொல்லிட்டாருடி."

"ஐயையோ! உட்கார்ந்துட்டியா?"

"உட்காருவேனா? ஓடி வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணே. நீ உட்காராத வரைக்கும் அவரால வேலையை விட்டு அனுப்ப முடியாது."

அது எந்த ஊர் நியாயம் என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆனாலும் கேட்க ஆறுதலாக இருந்தது.

என்ன தப்பு செய்தோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள் துண்டு. நேற்று கொஞ்சம் அலமாரியில் சாய்ந்தாள். மேனேஜர் கடையே அதிரக் கத்தினார். அதோடு விட்டுவிட்டார் என்றல்லவா நினைத்தாள்! கணவன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். மகளை இப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருக்கிறாள். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரே அவள் பிரிவுக்கு வந்தார். வழக்கமாக "ஏய் துண்டு, நிமிர்ந்து நில்லு!" என்பவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாள் பூரா நின்னா கால் ரொம்ப வலிக்குமாம்மா?"

"இல்ல சார்! வலிக்கவே வலிக்காது சார்!"

"வலிக்கத்தானே செய்யும்," என்று முணுமுணுத்தபடி நகர்ந்தார்.

மதியம் அவளுக்கு டீ வேறு வந்தது. மேனேஜர் அனுப்பியதாம். துண்டு அதைத் தொடவே இல்லை. வீணாக்குவானேன் என்று போர்வை எடுத்துக் குடித்துவிட்டாள்.

"ஒண்ணு கவனிச்சியாடி? அந்த மனுஷனும் காலையிலேர்ந்து உட்காரவே இல்ல. ரூமுக்குள்ளேயே குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திட்டிருக்காரு."

"ஏன்டி?"

"யாருக்குத் தெரியும்? உன்னை அனுப்ப மனசு வரலையோ என்னவோ."

அவர் மனசு எப்போது இளகியது? துண்டுக்குத் தலை சுற்றியது. திட்டித் தொலைத்தாலாவது நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"இப்பவாவது உட்காருங்கம்மா."

அவளால் பொறுக்க முடியவில்லை. "மாட்டேன் சார்! என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. இனிமே சாய மாட்டேன், கொட்டாவி கூட விட மாட்டேன். வேலையில மட்டும் கை வெச்சுடாதீங்க சார்!"

"ஐயோ, உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா. நேத்து சாஞ்சதுக்கு உங்களைப் பார்த்துக் கத்தினேன் பாருங்க, அது மனசை அறுக்குது. இந்த நாற்காலியில ஒருத்தரைக்கூட நான் சும்மா உட்கார வெச்சதில்ல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது..."

"எங்கே சார் போறீங்க?"

மேனேஜர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மாடியில் இருந்த முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை பயத்துடன் பார்த்தார்.

"காலையில முதலாளி என்னை உட்காரச் சொன்னாரும்மா. பரவாயில்ல சார், நிக்கிறேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்."