முப்பது முறை விழுந்த டம்ளர்

ஓவியா எதற்காக டம்ளரை மேசையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க, குழந்தைகளின் நடத்தையை ஆராயும் ஜெசிந்தா வந்து மூலையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை விழும்போதும் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று தாளில் எழுதினாள். இதற்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் என்று பெயராம்.

"அதே பேர்ல ஒரு கணக்குப் பாடத்தை நான் காலேஜ்ல பதினோரு வருஷமா நடத்துறேன். எங்க கணக்குல டம்ளரே வராது மேடம்" என்றாள் ஓவியாவின் அம்மா அங்கயற்கண்ணி. கண்ணில் படாத ஒன்றுக்குள் எதையாவது போட்டு, என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் அவள் பாடம். நான்கு வயது மகளுக்குள் எதைப் போட்டும் ஒன்றும் வந்ததில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். யார் கையிலும் எதையும் கொடுத்ததில்லை.

முதல் நாள் பன்னிரண்டு முறை விழுந்த டம்ளர் மறுநாள் முப்பது முறை விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஜெசிந்தாவின் பேனாவில் மை தீர்ந்தது. டம்ளர் விழுந்தும் பேனா அசையவில்லை. ஓவியா மறுபடி தள்ளினாள். ஜெசிந்தாவின் கையையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், அம்மாவின் விடைத்தாள் கட்டின் மேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துவந்து ஜெசிந்தாவின் விரல்களுக்குள் செருகினாள். திரும்பிப் போய் டம்ளரைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள்.

"எழுதுங்க மேடம்," என்றாள் அங்கயற்கண்ணி. "சீக்கிரம் எழுதுங்க!"

பேனா ஓடியது. ஓவியா கைதட்டிச் சிரித்தாள். அங்கயற்கண்ணி சமையலறைக்கு ஓடி, வீட்டிலிருந்த அத்தனை டம்ளரையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.