முதல் வாய்

"அந்தக் காந்தப் பொடி என் வாளியில விழக்கூடாது!"

கிணற்றை மறித்துக்கொண்டு நின்றாள் நிகாசியா.

இன்ஜினியர் லிசாந்த்ரோவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏம்மா, உங்க கிணத்துல இருக்கிறது பாஷாணம். இந்த நானோ இரும்புத் துகள் அதைக் கவ்விக்கும். அடியில காந்தத்தை வெச்சா மொத்தமும் கீழ இறங்கிடும். உங்க மக உள்ளங்கையைப் பாருங்க, எத்தனை கறுப்புப் புள்ளி!"

"பெத்தவ பார்க்காமலா இருக்கேன்? ஏற்கெனவே ஒரு விஷம். அதுல இரும்புத்தூளும் சேரணுமா?"

"படிக்காத ஜனங்க!" தலையில் அடித்துக்கொண்டு, தான் கொண்டுவந்த வாளியிலேயே கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பொடியைக் கலக்கினார். அடியில் காந்தத்தை வைத்ததும் கறுப்பெல்லாம் இறங்கித் தண்ணீர் தெளிந்தது.

ஊரே கைதட்டியது. நிகாசியா தட்டவில்லை. இன்ஜினியரின் ஜீப் டிரைவர் அனிசேத்தோவும் தட்டவில்லை. அவன் அந்தச் சிறுமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் மொண்டு சுடவைத்தாள் நிகாசியா. மாத்தே என்ற மூலிகைத் தேநீர் இலை போட்ட குடுவையையும் கெட்டிலையும் இன்ஜினியரிடம் நீட்டினாள்.

"நீங்களே ஊத்துங்க சார்."

அர்ஜென்டினாவின் சாக்கோ பக்கம் மாத்தே ஊற்றுகிறவர்தான் முதல் வாய் உறிஞ்ச வேண்டும். அப்புறம்தான் அடுத்தவருக்கு.

இன்ஜினியர் பின்வாங்கினார். "வயிறு சரியில்லம்மா. என் ஃபிளாஸ்க்ல தண்ணி இருக்கு."

"இப்பத்தானே எங்க வீட்டு எம்பனாதாவை வளைச்சு வளைச்சு சாப்பிட்டீங்க! அப்ப வயிறு எங்க போயிருந்துச்சு?" டிரைவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, சார் ஃபிளாஸ்க்ல எந்தத் தண்ணி?"

அனிசேத்தோ ஒரு நொடி தயங்கினான். "இந்தக் கிணத்துலதான்க்கா புடிச்சேன். வண்டியில இருந்தது தீர்ந்துபோச்சு."

"அடப்பாவி! இதையாடா குடிச்சுக்கிட்டிருக்கேன்?"

ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தார். ஓடிப்போய் வாளியில் தெளிந்த தண்ணீரை மொண்டு வாயைக் கொப்பளித்தார். வெயில் வேறு. மடக் மடக்கென்று குடித்தும்விட்டார்.

"இது போதும் சார். கிணத்தைவிட வாளி மேல்னு உங்க கையே சொல்லிடுச்சு. வாளியை வெச்சுட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, பொடி கொண்டு வர்றப்பல்லாம் முதல் வாய் உங்களோடது!"

தலையாட்டாமல் என்ன செய்வார்?

ஜீப் கிளம்பும்போது நிகாசியா கிசுகிசுத்தாள். "நிசமாவே எங்க கிணத்துத் தண்ணியா தம்பி?"

"கடைத் தண்ணிதான்க்கா. எம் பொண்ணு கையிலயும் அதே புள்ளிங்க. பொடி போட்ட தண்ணியை அவளுக்குக் குடுக்கலாமான்னு எனக்கும் தெரியணும்ல?"