அட்டையில் ஒரு பெயர்

"எழுதின ஆள்ட பேர இந்த ரியூட் அட்டையில போடுங்க, சேர்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே கிளார்க் மசூர் எச்சரித்திருந்தார்: "சேரிட்ட எதையும் கேளுங்க புள்ள, அட்டையில பேர மட்டும் கேட்டிராதீங்க. வேலை போயிரும்." பஸ்லியா கேட்டேவிட்டாள். அவள் கையில் ஒரு பழுப்புக் கடித உறை.

காலிதீன் சேர், மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தை மெல்ல மேசை லாச்சியை இழுத்து உள்ளே தள்ளினார். பத்திரிகைத் தாளால் உறை போட்ட புத்தகம்.

கல்முனையில் தபால் வழிப் பட்டப் படிப்பு நடத்துகிறவர் அவர். இறக்காமம் வரை தபாலில் போகும் ஒவ்வொரு ரியூட்டிலும், அந்தப் பாடக் குறிப்புக் கட்டின் அட்டையில், 'ஆக்கம்: காலிதீன்' என்றிருக்கும். கீழே சிவப்பில்: 'பிரதி பண்ணுவது ஹறாம்.' போன மாதம் ஒரு ரியூட்டைப் போட்டோ கொப்பி எடுத்த குற்றத்துக்கு, றாஹிலா என்ற மாணவியை படிப்பிலிருந்தே வெட்டிவிட்டார். அந்த ரியூட்டுகளை ஸ்டென்சிலில் எழுதுவது பஸ்லியாவின் வேலை.

"உங்கட வரிப்பத்தான்சேனையில நீதான் முதல் பட்டதாரி எண்டதும் தலைக்கேறிட்டோ? உன்ட வாப்பா யானைக் காவலுக்கு ஏறுற பரணும் உசரந்தான். அதில அவர்ர பேர எழுதியா வெச்சிருக்கார்?"

"வாப்பாட கதைய விடுங்க. இதில ஒவ்வொரு வரியும் உங்கடதா?"

"ஓம்! எல்லாம் என்ட மூளை!"

"எழுதித் தாங்க."

சிவப்புப் பேனையால் 'முழுக்க என் சொந்த ஆக்கம்' என்று அட்டையிலேயே எழுதி ஒப்பமிட்டார். அதை உறைக்குள் செருகிக்கொண்டு, காலையிலேயே எழுதிவைத்த ராஜினாமாவை அவர் முன்னால் வைத்தாள்.

சேர் இறங்கிவந்தார். "கோவிக்காதகா. கடைசிப் பக்கத்தில உன்ட பேரச் சின்னதாப் போடுவம்."

"என்ட பேரா? நான் ஒரு வரியும் எழுதல்லியே. எல்லாம் உங்கட லாச்சிக்குள்ள கிடக்கிற புத்தகத்தப் பார்த்து எழுதினது. அத எழுதின பேராசிரியர்ர பேரத்தான் போடச் சொன்னன்." உறையிலிருந்து ஒரு கடிதத்தை உருவிக் காட்டினாள். "அவருக்குக் கடிதம் போட்டுக் கேட்டன். தன்ட பேரப் போட்டாப் போதுமாம், சும்மாவே பாவிக்கலாமாம். இனி அவருக்கு நான் போடுற பதில் உங்கட ஒப்பம் வெச்ச இந்த அட்டையோடதான் போகும்."

காலிதீன் சேர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பொறுங்க மகள்! அந்தக் கடிதத்தத் தாங்க, ஒரே ஒரு கொப்பி எடுத்திட்டுத் தாறன்!"

வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிரதி பண்ணுறது ஹறாம், சேர்."