பூவுக்குக் காது

“அப்போ பூ வாடினதுக்கு நீ காரணம் இல்ல, பூவேதான் காரணம். அப்படித்தானே?”

அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்தார். எதிரே ஒரு வாளி கார்னேஷன் பூக்கள் தலை தொங்கிக் கிடந்தன. பக்கத்தில் தம்பி நின்றான். இரண்டில் எது அதிகம் வாடியிருந்தது என்று சொல்வது கஷ்டம்.

“அண்ணா, ஒரு தடவை முழுசாக் கேளுங்க. பறிச்ச பூ செத்த பூ இல்ல. அதோட ஒவ்வொரு செல்லும் உயிரோட இருக்கு. வெளியிலேருந்து வர்ற சேதியை வாங்கிக்கிட்டேதான் இருக்கு.”

“சேதியா? யாரு, தபால்காரர் கொண்டுவந்து குடுக்கறாரா?”

“ஒரு வாயு கொண்டுவருது. கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிச்சுக்கறதுக்குன்னே செல்லுக்குள்ள ஒரு புரதம் காத்துக்கிட்டிருக்கு. வாயு வந்து அதுல ஒட்டிக்கிச்சுன்னா, ‘உன் வேலை முடிஞ்சுது, வாடிடு’ன்னு செல்லுக்கு உத்தரவு போயிடும். அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல.”

“எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!” என்று அண்ணன் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கடையில் வேறு யாருமே இல்லை. “பூவுக்குக் காது முளைச்சிருக்காம். தாவரவியல் படிச்ச விஞ்ஞானி கண்டுபிடிச்சிருக்கார்.”

நாலைந்து மாதமாகவே கடையில் இதே கதைதான். குளிர் அறையில் வைத்த பூ ஒரு வாரம் தாங்கியது போய், இரண்டாம் நாளே துவண்டது. மெக்கானிக் வந்து பார்த்து இயந்திரத்தில் குறையில்லை என்றார். பூ அனுப்பும் தோட்டத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பழி போட மிச்சம் இருந்தது தம்பி மட்டும்தான். அண்ணன் தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ரகமில்லை.

“சரி விஞ்ஞானி, அந்த வாயு எங்கேருந்து வருது? அதையும் சொல்லிடு.”

“அதைத்தான் சொல்ல வர்றேன். போன வாரம்தான் எனக்கே உறைச்சுது. அது வந்து...”

“உன் வாயிலேருந்துதான் வருது! நீ பேசற பேச்சைக் கேட்டா கல்லே வாடிடும், பூ எம்மாத்திரம்?”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, அண்ணன் மறுபடியும் சிரித்தார். பிறகு குரல் மாறியது.

“திங்கக்கிழமை ஹோட்டல் திறப்பு விழா. வாசல்லேருந்து மாடி வரைக்கும் நம்ம பூ. அது நல்லபடியா முடிஞ்சா வருஷம் பூரா ஆர்டர் நமக்குத்தான். அதுல உன் கை படக்கூடாது. இன்னியோட நீ கடைக்கு வர வேண்டாம்.”

“இது அப்பா வச்ச கடை அண்ணா. ரெண்டு பேருக்கும்னு சொல்லிட்டுத்தானே...”

“சொன்னவர் போய்ச் சேர்ந்துட்டார். நீயும் கிளம்பு.”

தம்பிக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. படித்த படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, விடிவதற்குமுன் எழுந்து பூ இறக்கிய கடை. விறுவிறுவென்று படி இறங்கினான்.

மறுநாள் சாயங்காலம் அவனே திரும்பி வந்தான், தோளில் ஒரு பெரிய பெட்டியோடு.

“என்னடா இது?”

“ஆப்பிள் அண்ணா. உங்களுக்குப் பிடிக்குமேன்னு நல்லாப் பழுத்ததாப் பார்த்து வாங்கினேன். மனசுல எதையும் வச்சுக்காதீங்க.”

டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அண்ணனுக்கு நொறுக்குத்தீனி ஆப்பிள்தான். பெட்டியைத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. வாய் மட்டும் மாறவில்லை.

“ஒரே ராத்திரியில வாலைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டியே! ஆனா ஒண்ணு, பழத்தைக் குடுத்துட்டுக் கடைக்குள்ள நுழைஞ்சிடலாம்னு மட்டும் கனவு காணாதே.”

“ஐயோ, இல்ல அண்ணா. இதை வீட்டுல கொண்டு போய்க் குடுத்துடட்டுமா?”

“வீட்டுலயா? உங்க அண்ணி தெரு முழுக்கத் தானம் பண்ணிடுவா. நான் எப்பவும் வைக்கிற இடத்துலயே வை. குளிர் அறையில இருந்தாத்தான் கடிக்க நல்லா இருக்கும்.”

“அங்க ஹோட்டலுக்கான பூ இருக்கே...”

“ஏன், பூ எழுந்து வந்து பழத்தைத் தின்னுடுமா? சொன்னதைச் செய். கதவை இறுக்கிச் சாத்து, காத்து போகப்போகுது!”

தம்பி சொன்னதைச் செய்தான். பூ வாளிகளுக்கு நட்டநடுவில் பெட்டியை வைத்தான். கதவை இறுக்கிச் சாத்தினான்.

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினாள். “கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின மனுஷனுக்கு ஒரு பெட்டி ஆப்பிளா? உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா? வாயைத் திறக்கக்கூட விடலைன்னு நேத்து அழாத குறையா வந்து நின்னீங்களே!”

“விடலைதான்” என்று தம்பி நிதானமாகச் செருப்பைக் கழற்றினான். “அந்த வாயு எங்கேருந்து வருதுன்னு நான் சொல்லி முடிக்கவே இல்ல. பழுத்த ஆப்பிள்லேருந்து வருது. அவர் தினமும் உள்ளே வைக்கிற நாலஞ்சு பழத்துக்கே ஒரு வாளி பூ போச்சு. இன்னிக்கு உள்ளே ஒரு பெட்டி இருக்கு.”