மன்றத்தின் தீர்ப்பு

வெண்டிலேட்டரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கோ டாக்டருக்கோ இப்போது உரிமை கிடையாது. ஊர் நாடகத் தத்துவ மன்றம் கூடித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் கணவர் சங்கரபாண்டியன் பதினெட்டு நாளாக ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடக்க, நான் பாளையங்கோட்டை மன்றத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில், பெற்ற மகனுக்கே மரண தண்டனை கொடுக்கும் ராஜாவின் பழைய நாடகத்தைப் போட்டார்கள். அப்புறம் விவாதம். ஜிப்பா போட்ட ஒருத்தர், சுதந்திரம் என்றால் என்ன என்று நாற்பது நிமிஷம் கேட்டார். அவருக்கே தெரியாததை எங்களிடம் கேட்டால்? பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள், ராஜா அழுதது அழகியல் பிழை என்றாள். நடுவில் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. என் கணவரின் பெயரை அங்கே ஒரே ஒருத்தர்தான் சொன்னார், அதையும் சவுந்தரபாண்டியன் என்று.

கடைசியில் தலைவர் வேதரத்தினம் எழுந்தார்.

"விடை சொல்வது சாமானியர்களின் வேலை. கேள்வியோடு வாழ்வதே தத்துவம்."

கைதட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆனது. நான் எழுந்து, "ஐயா, நான் ஆஸ்பத்திரியில போய் என்னன்னு சொல்லட்டும்?" என்றேன்.

"அருமையான கேள்வி!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கேள்வியோடு வாழ்வது பற்றி அவர் சொன்னதையே தீர்ப்பென்று தாளில் அச்சடித்து, முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள். வார்டுக்குக் கொண்டுபோய் நர்ஸ் ஜெபசீலியிடம் நீட்டினேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வெண்டிலேட்டரைப் பார்த்தாள்.

"இதுக்கு நான் எந்தப் பட்டனை அமுக்கணும்க்கா?" என்றாள்.