துலாம் ராசிக்கு மே மாதம்

“பரோட்டா வந்தாச்சு. சிம்மத்துக்கு ‘மகிழ்ச்சி’ன்னு போடுங்க. போட்டுட்டு மொதல்ல அந்தப் போனைக் கீழ வைங்க!” என்றாள் பொன்மணி.

“இரு புள்ள. கன்னி, துலாம் ரெண்டையும் முடிச்சிட்டு வச்சிர்றேன்,” என்றான் பாலகுரு.

சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு அடுத்த வருஷத்துத் தினசரிக் காலண்டரில் ராசிபலன் எழுதிக் கொடுப்பது அவன் வேலை. ராசிக்கு ஒரு சொல், நாளுக்குப் பன்னிரண்டு சொல். ஜோசியம் கிலோ என்ன விலை என்று கேட்கிறவன் அவன். வழக்கமாக எழுதும் ஜோசியர் கண் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட, கல்யாணப் பத்திரிகைக்கு வாழ்த்துப்பா எழுதிக்கொண்டிருந்த இவனைப் பிடித்துப் போட்டுவிட்டார் அச்சக முதலாளி சங்கரபாண்டியன்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினால் நாலே நாளில் சொல் வற்றிப்போகிறது. வெளியே இறங்கினால் ஊரே எடுத்துக் கொடுக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எம். புதுப்பட்டியிலிருந்து விருதுநகருக்கு வந்துவிட்டான். ஊர் சுற்றினாற்போலவும் ஆச்சு, வேலை பார்த்தாற்போலவும் ஆச்சு.

பாக்கி இருந்தது ஏப்ரலும் மேயும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். இந்த வேலை போனால் அவனும் பொன்மணியைப் போலப் பட்டாசுக் கம்பெனி வேனில்தான் ஏற வேண்டும். ஆறு வருஷம் ஏறி இறங்கியவன். மறுபடி ஏற அவனுக்கு இஷ்டமில்லை.

காலையில் பஜாரில் ஒருவருக்குச் செருப்பு அறுந்தது. மேஷத்துக்கு ‘அலைச்சல்’. தெப்பக்குளத்து ஓரம் இரண்டு ஆட்டோக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். ரிஷபத்துக்குப் ‘பகை’. ஜவுளிக்கடையிலிருந்து ஒரு குடும்பமே பை பையாகத் தூக்கிக்கொண்டு இறங்கியது. கடகத்துக்குச் ‘செலவு’. கடைக்காரர் என்ன ராசியோ, ‘வரவு’ ஒன்றை மகரத்தில் போட்டுவைத்தான். மத்தியானத்துக்குள் ஏப்ரல் முடிந்து மே பிறந்துவிட்டது.

மற்றதற்கு அவள் எப்போதாவது ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாள்; துலாம் மட்டும் முழுக்கப் பொன்மணி கையில். வேறு எந்த ராசிக்கும் அவள் இவ்வளவு யோசிக்கவில்லை.

“துலாமுக்குக் ‘கவனம்’.”

“எட்டாந்தேதிக்கும் அதத்தான புள்ள சொன்ன?”

“அப்ப ஒம்பதுக்கு ‘ஆபத்து’ன்னு போடுங்க. பத்துக்கு ‘நிதானம்’.”

“பதினொண்ணுக்காவது நல்லதா ஒண்ணு சொல்லேன். துலாம்ல பொறந்தவுகளும் மனுசங்கதான?”

“பதினொண்ணு என்ன கெழமை?”

“ஞாயிறு.”

“அப்ப ‘சுகம்’னே போடுங்க. நல்லா இருந்துட்டுப் போகட்டும்!”

பாலகுருவுக்குச் சுருக்கென்றது. அவன் ஆத்தாவுக்குத் துலாம் ராசி. காலையில் காலண்டரைக் கிழித்துப் பலன் பார்க்காமல் ஆத்தா பச்சைத் தண்ணீர் பல்லில் பட விடமாட்டாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவுக்கே தெரியும்.

“யாரை மனசுல வச்சு இதெல்லாம் சொல்றன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.”

“தெரிஞ்சா நல்லதாப் போச்சு. பிச்சுப் போட்டுச் சாப்பிடுங்க, சால்னா ஆறுது.”

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அனுப்பினான். ஐஸ்கிரீம் வாங்கலாம் என்று எழுந்தவனைப் போன் உட்கார வைத்தது.

“ஏலே பாலகுரு, துலாமுக்கு என்னலே கேடு?” சங்கரபாண்டியனின் குரல் பெஞ்சைத் தாண்டிக் கேட்டது. “மே மாசம் பூரா கவனம், ஆபத்து, நிதானம், எச்சரிக்கை! இதை எவன்லே வீட்டுல மாட்டுவான்? பாதிக்கு மேல ‘வெற்றி’, ‘லாபம்’னு மாத்து. பத்து நிமிசம் தாரேன். இல்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“மாத்திர்றேன் முதலாளி!”

இரண்டு ‘வெற்றி’ போட்டிருப்பான். பொன்மணி போனைப் பறித்துக்கொண்டாள்.

“மாத்தக் கூடாது.”

“வெளையாடாத புள்ள. வேல போயிரும்.”

“போனாப் போகட்டும். எல்லா ராசியையும் மாத்துங்க, நான் ஏன்னு கேக்கல. துலாமைத் தொடாதீக.”

பாலகுருவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “எங்க ஆத்தா மேல அம்புட்டுக் காந்தலா ஒனக்கு? எம் பொழப்பக் கெடுத்தாவது ஒரு மாசம் பூரா அந்தக் கெழவியப் பயமுறுத்திப் பாக்கணுமாக்கும்!”

பொன்மணி மலங்க மலங்க விழித்தாள்.

“அத்தைக்குத் துலாமா? சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

“அப்பொறம் யாருக்கு இதெல்லாம்?”

“எங்க போர்மேன் கருப்பணனுக்கு. எங்க கம்பெனிச் சுவத்துல வருசா வருசம் தொங்குறது இந்தக் காலண்டர்தான். அந்தாளு தன் ராசியப் பாக்காம வெடிமருந்து ரூம் சாவியத் தொட மாட்டாரு. ‘கவனம்’னு இருந்தா வெயிலேறுமுன்ன பூட்டிருவாரு. ‘வெற்றி’ன்னு இருந்தா மே மாசத்து உச்சி வெயில்லயும் மருந்து கலக்கச் சொல்லுவாரு. அதுக்கு அடுத்த ரூம்லதான் நாங்க நாலு பொம்பளைக உக்காந்திருக்கோம்.”

பாலகுரு போனை வாங்கி, போட்டிருந்த இரண்டு ‘வெற்றி’யையும் அழித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான்.

“மே மாசம் துலாமுக்குக் கட்டம் சரியில்ல முதலாளி. ஒரு சொல்லைக்கூட மாத்த முடியாது.”